ஐந்தருவி லாட்ஜுக்கு விற்ற அருவி

தென்காசி,
20.7.84

என் பிரியமுள்ள அண்ணனுக்கு,

தங்கை சண்முகசுந்தரி வணக்கத்துடன் எழுதுவது. இங்கு அப்பா, அம்மா, நான் மூவரும் சௌக்கியம். அப்பாவின் கோபமும் சௌக்கியம். பம்பாய் மழையில் உங்களுக்கும் மதினிக்கும் ஜலதோஷம் பிடிக்காமல் காசி விசுவநாதர் பார்த்துக்கொள்வாராக. மரியாதை எல்லாம் இத்துடன் முடிந்தது. அண்ணே, நான் ஒரு அருவியை விற்றுவிட்டேன்!

நிதானமாகச் சொல்லுகிறேன். நீங்கள் வாங்கி அனுப்பிய டிரான்சிஸ்டர்களை வைத்து நான் சிந்தசைசர் செய்துகொண்டிருப்பது உங்களுக்குத் தெரியும். மொத்த வாத்தியத்தையும் ஒரே மூச்சில் செய்ய வசதி இல்லாததால், ஒவ்வொரு வேலைக்கும் ஒரு பெட்டி என்று தனித்தனியாகச் செய்து, ஒயரால் ஒன்றோடொன்று மாட்டி வாசிப்பதாகத் திட்டம். சுருதி கொடுக்க ஒன்று, சத்தத்தை ஏற்றி இறக்க ஒன்று, இரைச்சல் போட ஒன்று என்று மூன்று பெட்டிகள் முடிந்திருந்தன. இன்னும் ஐந்தாறு செய்தால்தான் பாட்டு என்று ஏதாவது வரும். அதற்குள் அப்பா, "ஆவணியில வீரகேரளம்புதூர்ல இருந்து உன்னப் பாக்க வாராவ. அதுக்குள்ள இந்த டப்பாவெல்லாம் பழைய இரும்புக்காரன்ட்ட போயிரணும். இனி வீட்டுக் காசுல ஒரு துண்டு ஒயர் வாங்கக் கூடாது" என்று சொல்லிவிட்டார்கள். "வீட்டுக் காசு இல்லன்னா?" என்று கேட்டேன். "நீ சம்பாதிச்சு என்னத்தையும் செய்யி" என்றார்கள், எங்கே சம்பாதிக்கப் போகிறாள் என்ற தைரியத்தில். விடுவேனா? ஒரு பெட்டியை விற்று அந்தப் பணத்தில் இரண்டு செய்வது என்று தீர்மானித்து, 'வீட்டில் செய்த ஒலிப் பெட்டிகள் கிடைக்கும்' என்று வீட்டு விலாசத்தோடு டைப் அடித்து ரேடியோ ரிப்பேர் கடைச் சுவரில் ஒட்டிவிட்டு வந்தேன். முதலில் வந்தவர் கல்யாணத்துக்கு மைக் செட் வாடகை கேட்டார். அடுத்தவர் ஒலியை ஒளி என்று படித்துவிட்டு டார்ச் லைட் கேட்டார்.

அதற்குப் பிறகு வந்தவர்தான் தாணு அண்ணாச்சி. ஐந்தருவி போகிற வழியில் லாட்ஜ் வைத்திருக்கிறாரே, அவரேதான். ஆடி பிறந்தும் இந்த வருஷம் சாரல் இல்லை, அண்ணே. அருவிப் பாறையில் ஈரம்கூட இல்லை. அவர் லாட்ஜிலோ, 'அறையில் படுத்தபடியே அருவிச் சத்தம் கேட்கலாம்' என்று போர்டு. வந்து இறங்குகிறவர்கள் எல்லாரும், சத்தம் எங்கே, கொடு பணத்தை என்று நிற்கிறார்களாம். சொல்லிக்கொண்டே இருந்தார், நான் இரைச்சல் பெட்டியைப் போட்டேன். மனுஷர் எழுந்து நேரே எங்கள் புழக்கடைக்குப் போய் எட்டிப் பார்த்தார். "ஏட்டி, வாய்க்கால்ல தண்ணி வந்துட்டா?" நான் விளக்கினேன்: "தண்ணி இல்ல அண்ணாச்சி. ஒரு டிரான்சிஸ்டரத் தலைகீழா மாட்டினா இப்படித்தான் இரைச்சல் போடும்." "தலைகீழா விழுந்தா இரையத்தானட்டி செய்யும், அருவியும் அதத்தான செய்யுது" என்று சொல்லி, கேட்ட விலையைக் கொடுத்து, பெட்டியைத் துண்டில் பொதிந்து எடுத்துப் போய்விட்டார்.

நானும் கூடப் போய், லாட்ஜின் பின்பக்கத்துச் சாமான் அறையில் பெட்டியை வைத்து, ஸ்பீக்கரை வென்டிலேட்டரில் கட்டினோம். காலி செய்யக் கிளம்பிய இரண்டு குடும்பங்கள் அன்று சாயங்காலமே பெட்டி படுக்கையை மறுபடி பிரித்தார்கள்! மறுநாள் அண்ணாச்சி திரும்ப வந்தார். "சத்தம் ஒரே மாதிரி இருக்கு. அருவின்னா காத்துல ஆடணும்லா?" ஏற்றி இறக்கும் பெட்டியும் போயிற்று. அதற்கும் மறுநாள், "ஒரு குயிலு கூவுனா நல்லாருக்கும்" என்று சுருதிப் பெட்டியையும் வாங்கிப் போனார். இப்போது வாத்தியம் செய்யக் கையில் பணம் இருக்கிறது அண்ணே, வாத்தியம்தான் இல்லை.

போன ஞாயிற்றுக்கிழமை, யார் இந்தப் பைத்தியத்துக்குப் பணம் கொடுக்கிறான் என்று பார்க்க அப்பாவே என்னோடு பஸ் ஏறினார்கள். லாட்ஜில் போய் உட்கார்ந்தோமோ இல்லையோ, கரண்ட் போயிற்று. ஃபேன், லைட், குயில், அருவி நாலும் சேர்ந்து நின்றன. மாடியிலிருந்து ஒருவர் எட்டிப் பார்த்து, "என்னய்யா, கரண்ட் போனா அருவியும் நிக்குமா?" என்றார். தாணு அண்ணாச்சி கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. "தண்ணியில இருந்துதான சார் கரண்ட் எடுக்காவ? ரெண்டும் ஒரே லைனு!" அந்த மனுஷரும் ஓஹோ என்று உள்ளே போய்விட்டார். கரண்ட் திரும்பி வந்தபோது வோல்டேஜ் ஏறி வந்ததில் குயில் ஆட்டுக்குட்டி மாதிரி கத்த ஆரம்பித்தது. அந்த நேரம் பார்த்து, உடம்பெல்லாம் எண்ணெயோடு, இடுப்பில் துண்டோடு, சத்தத்தைப் பிடித்துக்கொண்டே அருவியைத் தேடி லாட்ஜைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்த ஒருவர் வென்டிலேட்டருக்கு நேர் கீழே வந்து நின்றுவிட்டார். மதுரையிலிருந்து வந்து தங்கியிருக்கும் பிச்சுமணி சார். அண்ணாந்து பார்த்தார். ஒயரைப் பிடித்து இழுத்தார். அருவி நின்றது.

"யார் பண்ணின வேலை இது?" என்று உள்ளே வந்தார் பாருங்கள், தாணு அண்ணாச்சி சாவியைத் தேடுகிற சாக்கில் மேஜைக்கு அடியில் போய்விட்டார். அப்பாதான் எழுந்தார்கள். "எம் மவ செஞ்சது. தப்புன்னா என்னயக் கேளும்." அண்ணே, அந்த ஒரு பேச்சுக்கு நான் இனிச் செய்யப்போகிற எல்லாப் பெட்டிகளையும் இனாமாகக் கொடுப்பேன். ஆனால் அந்த மனுஷர், "தப்பா? நாடகக் கம்பெனி வச்சிண்டு இத்தனை வருஷமா தகரத்தை ஆட்டி இடி இடிச்சிண்டிருக்கேன் சார்! எனக்கு மழை வேணும், காத்து வேணும், இடி வேணும். பண்ணித் தருவாளா?" என்றார்! அட்வான்ஸையும் எண்ணெய்க் கையாலேயே அப்பாவிடம் கொடுத்தார். பஸ்ஸில் வரும்போது அப்பா அந்த நோட்டுகளைச் சட்டையில் படாமல் விரல் நுனியில் பிடித்துக்கொண்டே வந்தார்கள். வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம், "இரும்புக்காரன் வந்தா இங்கன ஒண்ணும் இல்லன்னு சொல்லிரு" என்றார்கள். அத்தோடு வீரகேரளம்புதூருக்கு ஒரு கார்டும் போட்டுவிட்டார்கள்: 'பெண்ணுக்கு இடி, மழை ஆர்டர் இருப்பதால் ஆவணியில் தோதுப்படாது.'

ஆகவே அண்ணே, டிரான்சிஸ்டர் முப்பது, 741 ஐசி பத்து, திருகுகிற குமிழ்கள் எத்தனை கிடைக்குமோ அத்தனையும் உடனே பார்சலில் அனுப்பவும். பணத்தை மணியார்டர் செய்கிறேன். மதினிக்கு என் அன்பு. உங்கள் வீட்டில் எந்நாளும் வோல்டேஜ் சீராக இருக்க வேண்டுமாய் ஆண்டவனை வேண்டும்,

அன்புத் தங்கை
சண்முகசுந்தரி

பி.கு.: மேலே கேட்ட சாமான் எதுவும் வாங்க வேண்டாம். கடிதத்தை ஒட்டப் போகும்போது பிடித்த மழை மூன்று நாளாக விடவில்லை. ஐந்தருவி ஐந்தாகத் தெரியாமல் ஒன்றாகக் கொட்டுகிறது. பிச்சுமணி சார் ஒரு டேப் ரெக்கார்டரைக் கொண்டுபோய் இடி, மழை, காற்று எல்லாவற்றையும் இலவசமாகப் பதிந்துகொண்டு, அட்வான்ஸையும் திருப்பி வாங்கிப் போய்விட்டார். இன்று காலையில் தாணு அண்ணாச்சி மூன்று பெட்டிகளோடும் வாசலில் வந்து நின்றார். பணத்தைத் திருப்பிக் கேட்பார் என்று பார்த்தால், "ஏட்டி, அருவி இரைச்சல்ல ஒருத்தரும் தூங்க முடியலங்காவ. காலி பண்ணிருவோம்னு நிக்காவ. அந்தச் சத்தத்த நிப்பாட்டுத மாதிரி ஒரு பெட்டி இருக்கா?" என்கிறார். இருக்கிறது, அடுத்த வாரம் தருகிறேன் என்று சொல்லிவிட்டேன். அதற்கு என்னென்ன சாமான் வேண்டும் என்று பம்பாயில் யாரிடமாவது விசாரித்து, அவசரமாக எழுதவும்.