ஒன்பது நிமிடப் பிழை

"நாலு நிமிஷம் லேட்டும்மா!"

தலைமையாசிரியர் நெடுஞ்செழியன் போனில் கத்தியதில், மலர்விழி சூடான சால்டரிங் அயர்னால் விரலைச் சுட்டுக்கொண்டாள். திண்டிவனத்தில் தான் படித்த பள்ளிக்கு அவள் செய்துகொடுத்த தானியங்கி மணி, இரண்டாம் நாளே காலையில் தாமதித்துவிட்டது. ஒழுங்காக ஓடினால் இன்னும் ஆறு பள்ளிகளுக்குச் சிபாரிசு செய்வதாகச் சொல்லியிருந்தார். இல்லாவிட்டால், ஆயா சவுரியம்மாள் இத்தனை வருடம் அடித்த தண்டவாளத் துண்டே போதும்.

மலர்விழிக்கு மானமே போனது. ஆறாவதிலிருந்து பத்தாவதுவரை ஒரு நாள்கூடத் தாமதமாக வராததற்கு அதே பள்ளி கொடுத்த சான்றிதழ், அவளுடைய ரிப்பேர் கடைச் சுவரில் கண்ணாடி போட்டுத் தொங்குகிறது. பெருமுக்கல் பஸ்ஸிலிருந்து குதித்து, ரிப்பன் அவிழ ஓடி, கேட்டுக்குள் கால் வைப்பாள். அப்போதுதான் மணி அடிக்கும். அந்தச் சத்தத்தை நினைத்தால் இன்றைக்கும் அவளுக்கு மூச்சு வாங்கும்.

பள்ளிக்குப் போய்ப் பெட்டியைத் திறந்தாள். மணியை இயக்கும் மைக்ரோகண்ட்ரோலர் சில்லுக்கு உள்ளேயே இருக்கும் துடிப்பை வைத்து நேரம் கணக்கிட்டது தப்பு. வெயில் ஏறினால் அது தடுமாறும். சீராகத் துடிக்கும் பதினாறு மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல் ஒன்றை வெளியே வைத்து, நேரத்தைத் திருத்தினாள்.

மறுநாள் ஆறு நிமிடம்.

"சரி பண்ணச் சொன்னா, ரெண்டு நிமிஷம் ஏத்தி வெச்சிட்டுப் போயிருக்கியே!"

விழுப்புரத்துக்கு பஸ் ஏறினாள். உதிரிபாகக் கடை சேட்டு, கடிகாரத்துக்கென்றே உள்ள அரிசி நீளக் கிரிஸ்டலை எடுத்துக் கொடுத்தான். வினாடிக்கு 32,768 துடிப்பு. பதினைந்து முறை பாதியாக்கினால் சரியாக ஒன்று.

"கூட வைக்கிற கெப்பாசிட்டர பாத்து வையிக்கா. பொருந்தலன்னா பேஜாரு பண்ணும்."

பார்த்துத்தான் வைத்தாள்.

ஒன்பது நிமிடம்.

"கிரிஸ்டல் வெல ஏற ஏற, மணியும் தூங்கிக்கினே போவுதேம்மா," என்றார் நெடுஞ்செழியன். "நாளைக்கும் இப்படின்னா கழட்டிக்கினு போயிடு."

சேட்டுவுக்கு போன் போட்டாள்.

"ஒம்போது நிமிஷமா? ஒரு நாளைக்கு ரெண்டு மூணு செகண்டுக்கு மேல ஏமாத்த அதுக்குத் தெரியாதுக்கா. நிமிஷக் கணக்குல ஏமாத்துறது மனுசங்கதான்."

கடைசி நாள் காலையில், மலர்விழி வராந்தா தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய்க் குந்திக்கொண்டாள். மணிக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது சவுரியம்மாள் ஒரு நாற்காலியை இழுத்து வந்து, சுவரிலிருந்த மணிப் பெட்டிக்குக் கீழே போட்டாள். ஏறினாள். சாலையை எட்டிப் பார்த்தாள். நேரத்தைக் குறைக்கும் பொத்தானை அழுத்தினாள். மறுபடி சாலை, மறுபடி பொத்தான்.

"ஆயாம்மா! இன்னா பண்றீங்க?"

சவுரியம்மாள் இறங்கவில்லை. "சத்தம் போடாத கண்ணு. பெருமுக்கல் பஸ்ஸு இன்னும் வரல. பாலம் வேலை நடக்குது, தெனம் கொஞ்சம் கொஞ்சமா லேட்டாவுது. பதினோரு புள்ளைங்க. மணி அடிச்சப்புறம் வந்தா சாரு வெளியவே நிக்க வெச்சிடுவாரு."

"லேட்டா வந்தா நிக்கட்டுமே! நானும் அதே பஸ்ஸுல வந்தவதான். அஞ்சு வருஷத்துல ஒரு நாளு லேட்டா வந்திருப்பனா?"

சவுரியம்மாள் பொத்தானில் விரலை வைத்தபடியே திரும்பினாள்.

"எப்பிடிடி வருவ? உன் செவப்பு ரிப்பன் கேட்டாண்ட தெரியாம நான் என்னிக்கு மணி அடிச்சேன்?"