பதினொரு தலையும் பாயிண்ட் மாமாவும்

பம்பாயில் குழந்தைகள் கூத்தடிப்பதற்கென்றே உண்டான எந்த இடத்தையும் பத்து நிமிஷத்தில் பரீட்சை ஹாலாக மாற்றக்கூடிய மனிதர் உலகத்தில் ஒருவர்தான் பிறந்தார். அவரும் எங்கள் கட்டடத்தில் வந்து குடியிருந்தார்.

மாதுங்காவில் மூன்று மாடி, இருபத்து நான்கு குடித்தனம். அறுபதுகளில் அங்கே இருந்த ஆண்பிள்ளைகள் எல்லோரும் ஏதாவது ஓர் ஆபீஸில் குமாஸ்தா. அல்லது குமாஸ்தா என்று ஒப்புக்கொள்ளாத குமாஸ்தா. இவர் கோட்டைப் பக்கம் ஒரு கப்பல் கம்பெனியில் ஸ்டெனோ. கல்யாணம் ஆகவில்லை. தரைத் தளத்தில் ஒற்றை அறை. சொந்தப் பெயர் வாடகை ரசீதில் மட்டும் இருந்தது. மற்றபடி எல்லோருக்கும் அவர் பாயிண்ட் மாமா.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இரண்டு மணிக்குக் கட்டடத்துக் குழந்தைகளை வாசலில் வரிசையாக நிறுத்துவார். தலைக்கு ஒரு நோட்டு, கூராகச் சீவிய ஒரு பென்சில். ஊர் சுற்றிக் காட்ட அழைத்துப் போவார். இப்படிச் செய்யும்படி யாரும் அவருக்கு விண்ணப்பம் கொடுக்கவில்லை. எதைப் பார்த்தாலும் அதைப் பற்றி மூன்று பாயிண்ட் எழுத வேண்டும் என்பது விதி. எழுதினால்தான் விளையாட்டு. எழுதி முடிப்பதற்குள் அநேகமாக அந்த இடத்தை மூடிவிடுவார்கள்.

ஒருமுறை மிருகக்காட்சிசாலையில் யானைச் சவாரிக்கு டிக்கெட் வாங்கிவிட்டு, "ஏறறதுக்கு முன்னாடி முன்னங்கால்ல எத்தனை நகம்னு பாருங்கோ" என்றார். பதினொரு குழந்தைகள் யானையின் காலடியில் குந்தி எண்ண ஆரம்பித்தார்கள். பாகன் பதறிப்போனான். "அரே பாபுஜி, சவாரி கரோ! செக்கிங் மத் கரோ!" என்று, சோதனை போட வேண்டாம் என்பதாகக் கத்தினான். இவர் எந்த இலாகாவிலிருந்து வந்திருக்கிறார் என்ற சந்தேகம் அவனுக்கு. அன்று யானைக்கு ஓய்வு கிடைத்தது.

மீன் காட்சிசாலையில் நடந்தது இன்னும் விசேஷம். ஒரு தொட்டியின் மூலையில் சாம்பல் நிறத்தில் ஒரு மீன் அசையாமல் கிடந்தது. மீன் கண்ணைத் திறந்துகொண்டே தூங்கும் என்பதை நேரில் பார்த்துவிடலாம் என்று குழந்தைகளை அதன் முன்னால் நிறுத்திவிட்டார். முக்கால் மணி நேரம். இவ்வளவு பேர் உற்றுப் பார்க்கிறார்களே என்று பின்னால் ஒரு குஜராத்திக் கல்யாணக் கோஷ்டியே வந்து வரிசையில் நின்றது. கடைசியில் காவல்காரன் வந்து, அது மீன் இல்லை, அழகுக்காகப் போட்ட கல் என்றான். அதற்குள் எல்லோரும் எழுதி முடித்திருந்தார்கள். என் பையனின் நோட்டில் இருந்ததை இன்றைக்கும் சொல்வேன். ஒன்று, இது அமைதியானது. இரண்டு, சாப்பாடு கேட்பதில்லை. மூன்று, பெரியவர்கள் பேச்சைக் கேட்கும்.

பாயிண்ட் மாமா அசரவில்லை. "எழுதினதை அடிக்காதேங்கோ. பக்கத்துல பிராக்கெட்ல கல்லுன்னு போட்டுக்கோங்கோ" என்றார்.

பிறகு குழந்தைகள் ஏன் போனார்கள் என்று கேட்பீர்கள். டபுள் டெக்கர் பஸ்ஸில் மாடியில் முன் சீட்டு கிடைக்கும். இன்னொன்றும் உண்டு. ஆறு வயசுக் குழந்தை என்ன உளறினாலும் அவர் தன் நோட்டைத் திறந்து, கம்பெனி துரை டிக்டேஷன் கொடுப்பதுபோல், ஒரு வார்த்தை விடாமல் சுருக்கெழுத்தில் எடுத்துக்கொள்வார். வீட்டில் அந்தக் குழந்தைகள் வாயைத் திறந்தால், "சத்தம் போடாதே, அப்பா பேப்பர் படிக்கறா" என்பதுதான் பதில்.

விபரீதம் மலபார் ஹில் தோட்டத்தில் நடந்தது. அங்கே பூட்ஸ் வடிவத்தில் ஒரு வீடு உண்டு. உள்ளே ஏறி மேலே நின்று கை ஆட்டுவதைத் தவிர அதில் யாருக்கும் வேறு வேலை கிடையாது. பாயிண்ட் மாமா வேலை கண்டுபிடித்தார். தையல்காரர் டேப்பை எடுத்து, "இந்த பூட்ஸைப் போட்டுக்கறவன் எத்தனை அடி உயரம் இருப்பான்? அளந்து கணக்குப் போடுங்கோ" என்றார்.

இரண்டாம் மாடி ஆடிட்காரரின் பெண் ராஜி. ஏழு வயசு. அவள் நோட்டைக் கீழே போட்டுவிட்டு மேலே ஏறிப் போய்விட்டாள். அதே சமயம், உச்சிக் குடுமியில் வெள்ளைக் கைக்குட்டை கட்டிய ஒரு சர்தார் பையன் டேப்பைப் பார்த்து மயங்கி, அதன் மறுமுனையைப் பிடித்துக்கொண்டான். ராஜியின் நோட்டையும் எடுத்துக்கொண்டான். கிளம்பும்போது பாயிண்ட் மாமா தலைகளை எண்ணினார். பதினொன்று. வந்ததும் பதினொன்று. கணக்கு டாலி ஆகிவிட்டால் குமாஸ்தா அதற்கு மேல் பார்ப்பதில்லை. நானும் குமாஸ்தா, எனக்குத் தெரியும்.

மாதுங்கா வாசலில் ராஜியின் அம்மா நின்றுகொண்டிருந்தாள்.

"ராஜி எங்கே?"

"எல்லாரும் வந்தாச்சு மாமி. பதினொண்ணு. நீங்களே எண்ணிக்கோங்கோ."

"எண்ணிண்டு என்ன பண்றது? என் பொண்ணு எங்கேன்னா, குடுமியோட ஒரு சர்தார் பையன் நிக்கறானே!"

பையன் முன்னால் வந்து, ராஜியின் நோட்டைப் பிரித்து, ஏக், தோ, தீன் என்று மூன்று பாயிண்டை ஹிந்தியில் ஒப்பித்தான். "மூணாவது நன்னா இருக்கே" என்றார் பாயிண்ட் மாமா. அதற்கப்புறம்தான் அவர் முகம் வெளுத்தது. பையனைக் கையில் பிடித்துக்கொண்டு தெருவில் ஓடினார். அவர் டாக்ஸியில் ஏறியதைக் கட்டடம் அன்றைக்குத்தான் பார்த்தது.

தோட்டத்து வாசலில், பிள்ளையைத் தொலைத்த சர்தார் தம்பதி, தனியாக நின்ற ராஜிக்கு வேர்க்கடலை வாங்கிக் கொடுத்துப் பக்கத்தில் உட்கார வைத்திருந்தார்கள். விளக்கு வைக்கும் நேரத்தில் ராஜி வீடு வந்து சேர்ந்தாள். "நான் மூணு தடவை ஏறி இறங்கினேன்!" என்றாள். அவ்வளவு நாளில் அந்தக் கோஷ்டியில் விளையாடிய முதல் குழந்தை அவள்தான்.

ஆடிட்காரர் விடவில்லை. அன்று இரவே பதினான்கு கையெழுத்து வாங்கி, குடியிருப்போர் சங்கத்தின் செயலாளரான என்னிடம் நீட்டினார். இனிமேல் பாயிண்ட் மாமா கட்டடத்துக் குழந்தைகளை எங்கேயும் அழைத்துப் போகக் கூடாது. இதற்குப் பொதுக்கூட்டம் கூட்ட வேண்டும். மறுநாள் திங்கட்கிழமை நோட்டீஸ் ஒட்டினேன். அடுத்த திங்கள் சாயங்காலம் மாடிப்படி அடியில் கூட்டம்.

எங்கள் சங்கத்தில் மினிட்ஸ் எடுப்பது எப்போதும் பாயிண்ட் மாமாதான். அன்றைக்கும் நோட்டோடு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். வேண்டாம் என்று சொல்ல ஒருத்தருக்கும் தோன்றவில்லை. இலவசமாகக் கிடைத்த ஸ்டெனோ.

ஆடிட்காரர் எழுந்தார். "கொஞ்சம்கூடப் பொறுப்பில்லாத மனுஷன்! குழந்தைகளை பார்சல் மாதிரி எண்ணறார். தனி ஆளாச்சே, பாவமாச்சேன்னு இத்தனை நாள் விட்டுவெச்சோம்..."

"பாவமாச்சேன்னு..." என்று பாயிண்ட் மாமா தலை நிமிராமல் எழுதினார். "கொஞ்சம் மெதுவாச் சொல்லுங்கோ சார். அப்புறம்?"

எட்டிப் பார்த்தேன். தன் மேல் சொன்ன குற்றங்களை ஒன்று, இரண்டு, மூன்று என்று நம்பர் போட்டு எழுதியிருந்தார்.

ஓட்டுக்கு விடச் சொன்னார்கள். கைகள் உயரத் தயாராக இருந்தன. நான் விதிப் புத்தகத்தைப் பிரித்தேன். பொதுக்கூட்டத்துக்கு முழுதாக ஏழு நாள் நோட்டீஸ் வேண்டும். ஒட்டிய நாளும் கூட்டம் நடக்கும் நாளும் கணக்கில் சேராது. ஆறு நாள்தான் ஆகியிருந்தது. "கூட்டம் செல்லாது" என்றேன்.

"ஒட்டினதே நீர்தானேய்யா!" என்று கத்தினார் ஆடிட்காரர்.

"ஆமாம். தப்பு என்னுடையதுதான். மினிட்ஸ்ல போட்டுக்கலாம்."

மறுபடி கூட்டுவதானால் மறுபடி கையெழுத்து வாங்க வேண்டும். அதற்குள் இரண்டு ஞாயிற்றுக்கிழமை போயின. விவகாரம் முடியவில்லை என்று யாரும் அனுப்பாததால் குழந்தைகள் கட்டடத்திலேயே இருந்தார்கள். முதல் ஞாயிறு இரண்டு ஜன்னல் கண்ணாடி உடைந்தது. இரண்டாவது ஞாயிறு யாருக்கும் மத்தியானத் தூக்கம் இல்லை. பதினான்கு பேரில் மூன்று பேர்தான் பேனாவைத் தொட்டார்கள். பிள்ளைப் பாசம் அந்த அளவோடு நின்றது. மூன்றாவது ஞாயிறு இரண்டு மணிக்கு வாசலில் மறுபடி வரிசை. பாயிண்ட் மாமா இந்த முறை ஒவ்வொருவரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்.

முப்பத்து மூன்று வருஷ சர்வீஸில் நான் தேதிக் கணக்கில் தப்பு செய்ததாக ஒரு காகிதம் கிடையாது. அந்த நோட்டீஸை ஒட்டும்போது பசை காயும்வரை நின்று இன்னொரு முறை எண்ணிப் பார்த்தேன். ஆறுதான் வந்தது, அப்படியே விட்டுவிட்டு மேலே போனேன்.