எத்திராஜ் சேர்த்து வைத்த குரல்

திங்கட்கிழமை விடியற்காலையில், காசிமேட்டு ஏலக் களத்தில், வஞ்சிரக் கூடைக்கு முன்னால் நின்று எத்திராஜ் வாயைத் திறந்தான். வெறும் காற்றுதான் வந்தது.

மறுபடி முயன்றான். சைக்கிள் டியூபில் காற்று இறங்குகிற மாதிரி ஒரு சத்தம் வந்து நின்றுபோனது.

"இன்னா மாமா, ஸ்பீக்கர் அவுட்டா?" என்றான் திலீப். அவன் எத்திராஜின் மனைவி மலருடைய தம்பி. ஏலத்தில் மாமாவுக்குக் கூடை நகர்த்திக் கொடுப்பவன்.

களமே சிரித்தது. எத்திராஜ் கூவினால் நங்கூரம் போட்ட படகில் தூங்குகிறவன்கூட எழுந்து உட்காருவான். அப்படிப்பட்ட தொண்டைக்கு இப்படியா வரவேண்டும்? அவனுக்கு ஏலத்தைப் பற்றிக்கூட அவ்வளவு கவலையில்லை. கவலையெல்லாம் வியாழக்கிழமையைப் பற்றித்தான்.

வியாழக்கிழமை அவனுக்கு வடபழனியில் ரெக்கார்டிங் இருந்தது.

'காட்டுக்குள்ளே எங்க குடும்பம்' என்று ஞாயிறுதோறும் டி.வி.யில் ஒரு கார்ட்டூன் தொடர் வருகிறது. அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள், ஒரு மஞ்சள் ஜீப். வாரம் ஒரு காட்டுக்குப் போய், வாரம் ஒரு மிருகத்தைப் பார்த்து, கைதட்டிவிட்டுத் திரும்புவார்கள். எத்தனை காடு சுற்றினாலும் அந்த அப்பாவுக்குக் களைப்பு வராது. அந்த அம்மாவுக்குக் கோபம் வராது. அவர்கள் வீட்டில் யார் பாத்திரம் கழுவுகிறார்கள் என்பதை மட்டும் இதுவரை எந்த எபிசோடிலும் காட்டவில்லை.

வெளிநாட்டுத் தொடர். தமிழில் அந்தக் குடும்பத்துக்குப் பேச நல்ல நல்ல குரல்காரர்கள் கிடைத்தார்கள். மிருகங்களுக்குக் கத்தத்தான் ஆள் இல்லை. தயாரிப்பு மேனேஜர் குமாரவேல் ஒருநாள் நண்டு வாங்கக் காசிமேடு வந்தவர், ஏலச் சத்தத்தைக் கேட்டதும் நண்டை மறந்துவிட்டு எத்திராஜைப் பிடித்துக்கொண்டு போனார்.

யானை, நீர்யானை, புலி, கரடி, காட்டுப்பன்றி என்று இருபத்தைந்து எபிசோடுகளுக்குக் கத்தியாயிற்று. கடைசியில் ஓடும் பெயர்களில் டீ கொண்டுவருகிறவர் பெயர்கூட வந்தது. எத்திராஜ் பெயர் மட்டும் வரவில்லை. நான்காவது படிக்கும் அவன் மகள் ஷாலு வகுப்பில் எழுந்து, "டி.வி.ல கத்துற கரடி எங்க நைனாதான்" என்று சொல்லப்போக, அவள் கரடி விடுகிறாள் என்று வகுப்பே சிரித்துவிட்டது. அன்று அவள் சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே வீட்டுக்குக் கொண்டுவந்தாள். அந்த டப்பாவைப் பார்த்ததிலிருந்து எத்திராஜுக்கு மனசே சரியில்லை.

போன வெள்ளிக்கிழமை குமாரவேல் போன் செய்தார்.

"அண்ணே, வியாழக்கிழமை கடைசி எபிசோடு. பெரிய மிருகம். நீங்க இல்லாம முடியாது. இந்தத் தடவ உங்க பேரு கண்டிப்பா போடறோம்."

அப்பாவும் மகளும் உட்கார்ந்து யோசித்தார்கள்.

"யானை வந்துட்ச்சி. புலி வந்துட்ச்சி. சிங்கம் இன்னும் வரல நைனா."

"அப்ப சிங்கந்தான். கடைசி வாரம்ல? ராஜாவத்தான் வுடுவான்."

ஞாயிற்றுக்கிழமை முழுக்க மொட்டை மாடியில் சிங்கமாகப் பயிற்சி நடந்தது. பக்கத்து மாடியில் துணி காயப்போட்டவர்கள் ஈரத்தோடு எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டார்கள். தொண்டை போன கதை இதுதான்.

ராயபுரத்து டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்தார்.

"மூணு நாள் பேசக் கூடாது. குசுகுசுன்னும் பேசக் கூடாது, அது இன்னும் கெடுதல். வியாழக்கிழமை கத்தணுமா? அப்ப அதுவரைக்கும் ஒரு வார்த்தையக்கூட செலவழிக்காதீங்க."

'செலவழித்தால்?' என்று கேட்க எத்திராஜ் வாயெடுத்தான்.

"அதத்தான் கூடாதுன்றேன்" என்றார் டாக்டர்.

மலரிடம் விஷயத்தைச் சீட்டில் எழுதிக் காட்டினான். அவள் நல்ல மாதிரியாகத்தான் எடுத்துக்கொண்டாள். "மூணு நாள்தானே? வூடு அமைதியா இர்க்கட்டும்" என்றாள்.

ஆனால் அமைதி செவ்வாய்க்கிழமை காலை வரைக்கும்தான் இருந்தது.

அன்று ஏலத்தைத் திலீப் கூவினான். அவன் குரல் கூட்டத்தின் முதல் வரிசையைத் தாண்டவில்லை. பக்கத்தில் நின்று கைசாடையில் வழிநடத்தலாம் என்று எத்திராஜ் போய் நின்றான். ஏலக் களத்தில் கைதான் வாய். கையைத் தூக்கினால் கேட்கிறான் என்று அர்த்தம். தலையை ஆட்டினால் முடித்துக்கொண்டான் என்று அர்த்தம். இருபது வருஷமாக அடுத்தவன் கையையே பார்த்துப் பார்த்து, தனக்கும் ஒரு கை இருப்பது அவனுக்கு மறந்துபோயிருந்தது.

காரப்பொடிக் கூடைகளைத் திலீப் அடிமாட்டு விலைக்கு இறக்கிக்கொண்டிருந்தான். 'பொறுடா' என்று எத்திராஜ் கையைத் தூக்கினான்.

"மாமா கேக்குறாரு!"

'இல்லை, இல்லை' என்று எத்திராஜ் வேகமாகத் தலையை ஆட்டினான்.

"மாமாவுக்கே முடிஞ்சிது! ஆறு கூட!"

காரப்பொடி விரல் நீள மீன். உடம்பு முழுக்க முள். ஒரு குழம்புக்கு வேண்டியதை ஆய்ந்து முடிப்பதற்குள்ளேயே இடுப்பு போய்விடும். ஆறு கூடையும் ஆட்டோவில் வீட்டுக்கு வந்தது. வேறெங்கே போகும்?

"யோவ், இன்னாய்யா இது? வூட்ல இன்னா கல்யாணமா வெச்சிகீறே?" என்றாள் மலர்.

எத்திராஜ் இரண்டு கையையும் விரித்தான்.

"கைய விரிச்சா? எதுக்கு வாங்கனன்னு சொல்லு!"

போனில் தட்டினான். அவனுக்கு ஒரு விரலில்தான் தட்ட வரும். அவள் நாலு கேள்வி கேட்டு முடித்த பிறகு அவள் போனுக்கு 'சரி' என்று ஒரு பதில் போனது.

"இன்னா சரி? நான் இவ்ளோ கேக்குறேன், ரெண்டு எழுத்தா அனுப்புற?"

அப்பாவுக்கு உதவி செய்வதாக நினைத்து ஷாலு நடுவில் புகுந்தாள். எத்திராஜ் தன் நெற்றியில் அடித்துக்கொண்டு, வாசலில் நின்ற திலீப்பைச் சுட்டிக் காட்டினான். அந்த நேரம் பார்த்து மலர் குறுக்கே வந்து நின்றாள்.

"ம்மா, உன்னப் பாத்தா தல வலிக்குதாம்" என்று ஷாலு மொழிபெயர்த்தாள்.

திலீப் செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் ஓடிவிட்டான்.

புதன்கிழமை முழுக்க, ஷாலுவையும் பள்ளிக்கு அனுப்பாமல், மூன்று பேரும் மீன் ஆய்ந்தார்கள். நாலு கூடையை அக்கம்பக்கத்துக்குக் கொடுத்தாயிற்று. வாங்கினவர்கள் நன்றி சொன்னார்களே தவிர, யாரும் முகம் கொடுத்துச் சிரிக்கவில்லை. மீதி இரண்டு கூடையோடு அம்மிக்கல் மாதிரி உட்கார்ந்திருந்தான் எத்திராஜ். அருவாமனைக்கு அந்தப் பக்கம் மலர்.

கல்யாணமாகிப் பதினோரு வருஷத்தில், குறுக்கே பேச ஆளில்லாமல் மலருக்குப் பேசக் கிடைத்த முதல் நாள் அது. முதலில் சும்மா ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரத்தில் சூடு பிடித்துக்கொண்டது.

"ஆமா, போன பொங்கலுக்கு எங்கம்மா எட்த்துக் குட்த்த சட்டைய திலீப்புக்குத் தூக்கிக் குட்த்தியே, எங்கம்மாவுக்கு எவ்ளோ கஷ்டமாப் போச்சி தெரியுமா? அது தப்பா இல்லியா?"

இது நியாயமான கேள்வி என்று எத்திராஜுக்குப் பட்டது. போனில் 'சரி' போட்டு வாங்கிக் கட்டிக்கொண்டது போதும், இதற்காவது முழுசாகப் பதில் எழுதலாம் என்று ஷாலுவின் நோட்டை இழுத்து வைத்துக்கொண்டான். கையைத் துடைத்தான். எழுதினான். அடித்தான். மறுபடி எழுதினான். எழுத்து அழகாக இருக்கட்டும் என்று நிறுத்தி நிதானமாக எழுதினான்.

மலர் அதற்குள் வெகுதூரம் போய்விட்டாள். ஃபிரிட்ஜ் ரிப்பேரான கதை, அவன் தங்கை கல்யாணத்தில் அவளைச் சாப்பிடக் கூப்பிடாத கதை, அவள் பிறந்தநாளை அவன் மறந்த மூன்று வருஷங்கள், எல்லாம் வந்து போயின. கடைசியில் அவள் குரல் இறங்கிவிட்டது. மீனைக் கீழே வைத்தாள்.

"ஒண்ணு கேக்குறேன். உண்மையச் சொல்லு. என்னக் கட்டிகினது தப்புன்னு எப்பனாச்சும் நெனச்சிகீறியா?"

அந்த நேரத்தில்தான் எத்திராஜ் எழுதி முடித்து, பெருமையோடு நோட்டை நீட்டினான்.

மலர் படித்தாள்.

'ஆமாம். தப்புதான். அவசரத்தில் செய்துவிட்டேன். இனிமேல் நடக்காது.'

இரண்டாவது தடவையும் படித்தாள். பிறகு எழுந்து போய்க் கையைக் கழுவினாள். சோப்பு போட்டு ரொம்ப நேரம் கழுவினாள்.

எத்திராஜுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் நோட்டைப் பிடுங்கி, 'அது சட்டைக்கு' என்று அவசரமாக எழுதிக் காட்டினான்.

"நான் உனுக்குச் சட்டையா? அவ்த்துப் போட்றதுக்கு?" என்றாள் மலர். அதற்கு மேல் அன்று முழுக்க அவளும் பேசவில்லை. வீட்டில் இப்போது இரண்டு பேருக்குத் தொண்டை போய்விட்டது.

வியாழக்கிழமை காலை பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். ஷாலுவும் கூடப் போனாள். திருவொற்றியூரில் இருக்கிறது அம்மா வீடு. எத்திராஜ் லுங்கியோடு பின்னாலேயே ஓடி, கல்மண்டபம் பஸ் ஸ்டாப்பில் பையைப் பிடித்துக்கொண்டான்.

"வுடு."

அவன் கையெடுத்துக் கும்பிட்டான்.

"கும்புட்லாம் வாணாம். வாயத் தொறந்து 'போவாத'ன்னு ஒரு வார்த்த சொல்லு. போவல. இப்டியே திரும்பிடறேன்."

ஸ்டாப்பில் நின்றவர்கள் எல்லாரும் எத்திராஜின் வாயைப் பார்த்தார்கள். குரல் திரும்பிவிட்டது அவனுக்கே தெரிந்தது. தொண்டைக்குள் கெட்டியாக, முழுசாக நின்றது. அந்த ஒரு வார்த்தை நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

"நைனா! பேசிடாத!" என்று கத்தினாள் ஷாலு. "சிங்கம் கீது நைனா! உன் பேரு போடப் போறாங்க!"

அவள் கண்ணில் அப்படி ஒரு ஆசை. திறக்காத டப்பா அவனுக்கு நினைவு வந்தது. எத்திராஜ் வாயை மூடிக்கொண்டான்.

மலர் அவனைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் பரவாயில்லை. அசதியாகப் பார்த்தாள். பஸ் வந்தது. ஏறிவிட்டாள். ஷாலு மட்டும் ஜன்னல் வழியாகக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிக்கொண்டே போனாள்.

எத்திராஜுக்கு அழுகை வந்தது. அழுதால் தொண்டை கட்டும் என்று அதையும் விழுங்கினான்.

வீட்டுக்குப் போய்ச் சட்டையை மாட்டினான். வண்ணாரப்பேட்டையில் மெட்ரோ ஏறினான். பக்கத்தில் உட்கார்ந்தவர் அவனிடமிருந்து வந்த காரப்பொடி வாசனைக்கு எழுந்து போய்விட்டார். டிக்கெட் எடுத்ததும், ரயில் மாறியதும், வழி கேட்டதும் எல்லாம் கைசாடையிலேயே நடந்தன. ஒரு வார்த்தை செலவாகவில்லை.

ஸ்டுடியோ வாசலில் குமாரவேல், "வாங்கண்ணே, நல்லா இருக்கீங்களா?" என்றார். எத்திராஜ் தொண்டையைத் தொட்டு, பொறுங்கள் என்று காட்டிவிட்டு, நேராகக் கண்ணாடி அறைக்குள் போனான். ஹெட்போனை மாட்டினான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சவுண்ட் ரெக்கார்டிஸ்ட் ஜஸீமா உட்கார்ந்து பட்டன்களைத் திருகிக்கொண்டிருந்தாள். எதிரே திரை இன்னும் இருட்டாக இருந்தது.

"அண்ணே, படம் போடறதுக்கு முன்னாடி ஒரு மைக் டெஸ்ட் பாத்துக்கலாம். ரெடியா?"

ரெடியாவா? மூன்று நாளாக ரெடி.

எத்திராஜ் கண்ணை மூடினான். மூச்சை இழுத்தான். பிறகு வாயைத் திறந்தான்.

அது சிங்கம்தான். சந்தேகமே இல்லை. பேசாமல் விட்ட பேச்செல்லாம் அதில் இருந்தது. ஆறு கூடை காரப்பொடி இருந்தது. பஸ் ஸ்டாப்பில் சொல்லாமல் விட்ட ஒரே வார்த்தை அதில் நூறு தடவை இருந்தது. கண்ணாடி அதிர்ந்தது. மாடியில் பாட்டு ரெக்கார்டிங் நின்றுபோய், குமாரவேல் கையில் டீயோடு ஓடிவந்தார். எத்திராஜ் மூச்சு முட்டுகிற வரைக்கும் கர்ஜித்து, தொண்டை மறுபடி காற்றாகிப் போன பிறகுதான் நிறுத்தினான். கண்ணில் தண்ணீர் ஓடியது. இதற்குப் பெயர் போடாமல் எப்படி இருப்பார்கள்?

ஜஸீமா ஹெட்போனைக் கழற்றிக் காதைத் தேய்த்துவிட்டுக்கொண்டாள். பிறகு மெதுவாக மைக் பட்டனை அமுக்கினாள்.

"சூப்பர்ணே. ஆனா இன்னிக்கு ஒட்டகச்சிவிங்கிண்ணே, அது கத்தாது. சும்மா எல மெல்ற சத்தம் மட்டும் குடுங்க, போதும்."