கைண்ட்லி சாமியும் கதவுப் பாம்பும்

கம்ப்யூட்டருக்கு மரியாதை கொடுத்து, அதே மரியாதையை அதனிடம் எதிர்பார்த்த மனிதர் திருவனந்தபுரத்தில் ஒருவர்தான் இருந்தார். அவரை நாங்கள் கைண்ட்லி சாமி என்று கூப்பிட்டோம். சொந்தப் பெயர் வருகைப் பதிவேட்டில் இருந்தது. அதை யாரும் வாசித்துப் பார்த்ததில்லை.

கிழக்கேகோட்டை பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்ச்சந்தில், மாடியில் ஒரு கயிறு ஏற்றுமதிக் கம்பெனி. பத்திரிகை வேலைக்கு வருவதற்கு முன், தொண்ணூறுகளின் நடுவில், அங்கே நான் இரண்டு வருஷம் குமாஸ்தா. சாமி முப்பது வருஷமாக டைப்பிஸ்ட். கரமனை அக்ரஹாரத்திலிருந்து பஸ்ஸில் வருவார். எந்தக் கடிதமானாலும் 'கைண்ட்லி' என்றுதான் ஆரம்பிப்பார். கிட்டங்கியில் சரக்கைத் திருடியவனுக்குப் போன கடிதமும் அப்படித்தான் ஆரம்பித்தது. 'தயவுசெய்து எடுத்ததைத் திருப்பி வைக்கவும்.' மாடிப்படியில் நாய் படுத்திருந்தால், "கொஞ்சம் நகர்ந்துக்கறேளா?" என்று கேட்டுவிட்டு, அது எழுந்திருக்கும்வரை நிற்பார். நாய் எழுந்திருக்காத நாட்களில் சாமி லேட்.

அந்த ஆபீசுக்குக் கொச்சியிலிருந்து ஒரு பழைய கம்ப்யூட்டர் வந்தது. முன்பு வைத்திருந்தவர் யாரோ அதற்குள் ஒரு விளையாட்டை விட்டுவிட்டுப் போயிருந்தார். படம் கிடையாது, சத்தம் கிடையாது. கறுப்புத் திரையில் பச்சை எழுத்து. 'நீ ஒரு பாழடைந்த அரண்மனையின் வாசலில் நிற்கிறாய். கதவு மூடியிருக்கிறது' என்று இங்கிலீஷில் சொல்லும். என்ன செய்ய வேண்டும் என்று நாம் டைப் அடிக்க வேண்டும். ஒவ்வொரு அறையாகப் போய், கடைசிக் கதவைத் திறந்து உள்ளே போனால் ஆட்டம் முடிந்தது.

'ஓப்பன் டோர்' என்று அடித்தால் கதவு திறக்கும். சாமி அடித்தது இது: 'கைண்ட்லி ஓப்பன் தி டோர் அண்ட் ஒப்ளைஜ்.'

'கைண்ட்லி என்ற வார்த்தை எனக்குத் தெரியாது' என்றது கம்ப்யூட்டர்.

"தெரியலைன்னா தெரிஞ்சுக்கட்டும்" என்றார் சாமி. ஒரு வாரம் அதையே அடித்தார்.

"சாமி, ரெண்டு வார்த்தைதான் அதுக்குப் புரியும். அதிகாரமா அடியுங்க" என்றேன்.

"ஓய் பிள்ளைவாள், அடுத்தவா ஆத்து வாசல்ல நின்னுண்டு 'தொற கதவை'ம்பீரா நீர்?"

இரண்டாவது வாரம் இறங்கி வந்தார். 'ஓப்பன் டோர்' என்று அடித்தார். கதவு திறந்தது. உடனே அடுத்த வரியில் 'தாங்க்ஸ்' என்று அடித்தார். அதுவும் தனக்குத் தெரியாது என்றது கம்ப்யூட்டர். சாமி கவலைப்படவில்லை. நன்றி சொல்வது நம் கடமை, புரிந்துகொள்வது அவாளுடைய கடமை என்பது அவர் கட்சி.

அன்று முதல் மத்தியான இடைவேளை முழுக்க அரண்மனைதான். தயிர்சாதத்தைப் பத்து நிமிஷத்தில் முடித்துவிட்டு உட்கார்ந்தால் இரண்டு மணிக்குத்தான் எழுந்திருப்பார். திரையில் வந்ததையெல்லாம் பிரிண்டரில் எடுத்து, பஞ்ச் அடித்து, நூல் கோத்து ஃபைலில் போட்டார். ஃபைலின் மேல் 'கொட்டாரம்', அதாவது அரண்மனை, என்று மலையாளத்தில் எழுதினார். ஆட்டத்தை நிறுத்திய இடத்தைக் கம்ப்யூட்டரில் பதிவு செய்வதோடு விடமாட்டார். பெரிய சைஸ் ஃப்ளாப்பி ஒன்றிலும் ஏற்றி, 'ஆபீஸ் காப்பி' என்று லேபிள் ஒட்டி, இரும்பு அலமாரியில் வைத்துப் பூட்டுவார்.

ஒரு நாள் அந்த ஃபைல் மானேஜர் கையில் சிக்கியது. மானேஜர் கோட்டயத்துக்காரர். ஃபைல் என்று ஒன்று இருந்தால் அதன் மறுமுனையில் ஒரு கஸ்டமர் இருப்பார் என்று நம்புகிறவர்.

"சாமீ, ஈ கொட்டாரம் பார்ட்டி ஆரா? ஓர்டர் வல்லதும் கிட்டியோ?" யார் அது, ஆர்டர் ஏதாவது வந்ததா என்று கேட்டார்.

சாமிக்குப் பொய் வராது. "வாதில் துறந்நிட்டில்ல, சாரே" என்றார். கதவு இன்னும் திறக்கவில்லை.

"எங்கில் ஒரு ரிமைண்டர் அயக்கு."

மேலதிகாரி உத்தரவு. மறுநாள் மத்தியானம் சாமி அரண்மனைக்கு ஒரு நினைவூட்டுக் கடிதம் அடித்தார். பன்னிரண்டு வரி. அதில் ஒரு வார்த்தைகூடத் தெரியாது என்றது கம்ப்யூட்டர். அந்தப் பதிலும் ஃபைலில் ஏறியது.

இப்படியே ஏழு மாதத்தில் நாற்பது அறைகளைக் கடந்து கடைசிக் கதவுக்கு வந்து சேர்ந்தார். அங்கே ஒரு கருநாகம் படம் விரித்து வழியை மறித்துக்கொண்டிருந்தது.

வழி எனக்குப் புரிந்துவிட்டது. முதல் அறையிலேயே ஒரு வாள் கிடைக்கும். சாமி அதை எடுத்துப் பார்த்துவிட்டு அங்கேயே வைத்துவிட்டார். "பெரிய மனுஷா ஆத்துக்குப் போறச்சே ஆயுதம் எதுக்கு?"

"பாம்பை வெட்டினாத்தான் கதவு திறக்கும் சாமி."

"பாம்பு காவல் இருக்கிற கதவுகிட்டே எப்படி நடந்துக்கணும்னு, கோயில் நிலவறைக்கே பாம்பு காவல் இருக்கிற கோட்டைக்குள்ளே பொறந்தவனுக்கு நீர் சொல்லித் தராதேயும். அது மனசு வெச்சு நகரணும்."

'கிவ் மில்க்' என்று அடித்தார். 'இங்கே பால் எதுவும் இல்லை' என்றது கம்ப்யூட்டர்.

சாமி துள்ளினார். "கேட்டீரா? 'இங்கே' இல்லைன்னுதானே சொல்றது. அப்போ வேறெங்கேயோ இருக்கு!"

பால் தேடி நாற்பது அறைகளுக்கும் திரும்பிப் போனார். சமையலறையில் பானை இருந்தது. தொழுவத்தில் வைக்கோல் இருந்தது. மாடு இல்லை. இரண்டு மாதம் மாடு தேடினார்.

அப்போதுதான் மானேஜர் அறிவித்தார். புதுக் கம்ப்யூட்டர் வருகிறது. வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு ஆள் வந்து அதை வைத்துவிட்டுப் பழையதை எடுத்துப் போவான். புதியதில் பெரிய ஃப்ளாப்பி நுழையாது என்பதை நான்தான் சாமியிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் கீபோர்டைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"பிள்ளைவாள், எனக்கு அடுத்த வருஷம் ரிட்டையர்மெண்ட். முப்பது வருஷம் இந்த நாற்காலியை விட்டு எங்கேயும் போனதில்லே. போன ஒரே இடம் இதுதான். அந்தக் கதவுக்குப் பின்னாடி என்னன்னு பாத்துட்டேன்னா போறும்."

வெள்ளிக்கிழமை ஒரு மணி. சாமி சாப்பாட்டைத் திறக்கவில்லை. "பழவங்காடிப் பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் உடைச்சுட்டு வந்துடறேன். விக்னம் விலகினா அதுவும் விலகும்" என்று படியிறங்கினார். நாய் இருந்தது. அவர் நின்று கேட்பது மேலே கேட்டது.

எனக்கு இருபத்து மூன்று வயது. நல்லது செய்ய அவசரப்படுகிற வயது. அவர் நாற்காலியில் உட்கார்ந்தேன். அவர் வரைந்த வரைபடத்தைப் பார்த்து முதல் அறைக்குத் திரும்பினேன். வாளை எடுத்தேன். கடைசிக் கதவுக்கு வந்து, 'கில் ஸ்னேக்.' ஒரே வரியில் முடிந்தது. அதைப் பதிவு செய்தேன். ஆசை விடவில்லை. கதவைத் திறந்து உள்ளே போய்ப் பார்த்தேன். பிறகு பதிவு செய்த இடத்தை மறுபடி ஏற்றி, கதவு மூடியிருக்கும்படி நிறுத்திவிட்டு, என் மேஜையில் போய்ப் பேரேட்டைப் புரட்டினேன்.

சாமி உடைந்த தேங்காயோடு வந்தார். நெற்றி வியர்த்திருந்தது. உட்கார்ந்து 'ஓப்பன் டோர்' என்று அடித்தார்.

'கதவு திறந்தது.'

"ஓய்! வழி விட்டுட்டான் ஓய்! பிள்ளையார் காதுலே விழுந்துடுத்து!" ஆபீசில் எல்லோருக்கும் தேங்காய்ச் சில் கொடுத்தார். மானேஜருக்கும் கொடுத்தார். கொட்டாரம் பார்ட்டி ஆர்டர் தந்துவிட்டது என்று அவரும் சந்தோஷப்பட்டு வாங்கிக்கொண்டார்.

உள்ளே போவதற்கு முன் சாமிக்கு ஒரு காரியம் பாக்கி இருந்தது. வழி விட்டவனுக்கு நன்றி சொல்ல வேண்டும். பாம்பு எங்கே ஒதுங்கியிருக்கிறது என்று தெரிந்துகொள்ள 'லுக்' என்று அடித்தார். அது எனக்குத் தோன்றவே இல்லை.

'இங்கே ஒரு செத்த பாம்பு கிடக்கிறது. கதவு திறந்திருக்கிறது.'

சாமி அதை இரண்டு தடவை வாசித்தார். கையிலிருந்த தேங்காயைக் காகிதத்தில் மடித்து வைத்தார்.

"பிள்ளைவாள்."

"சாமி..."

"நீர் நல்லதுக்குத்தான் பண்ணியிருப்பீர்." திரும்பவே இல்லை. "உள்ளே போய்ப் பாத்தீரா?"

"பார்த்தேன்."

நாற்காலி என் பக்கம் திரும்பியது. அந்த முகத்தில் இருந்த ஆசையை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. வாயைத் திறந்தேன். கையை உயர்த்தித் தடுத்தார்.

"வேண்டாம். அதைக் கொன்னு, தாண்டிண்டு போய்ப் பாத்த சேதி எனக்கு வேண்டாம்."

எழுந்து அலமாரியைத் திறந்தார். ஆபீஸ் காப்பியை எடுத்தார். ஃப்ளாப்பி கரகரவென்று சுற்றியது. திரையில் பழையபடி கருநாகம் படம் விரித்து நின்றது. சாமியின் தோள்கள் இறங்கியது பின்னாலிருந்து எனக்குத் தெரிந்தது.

"வெட்டினதை மறுபடி பிழைக்க வைக்க முடியறது பாத்தீரா? இந்த மெஷின்லே எனக்குப் பிடிச்சதே இதுதான்" என்றார்.

நாலு மணிவரை அந்தக் கதவுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். எதுவும் அடிக்கவில்லை. ஆள் வந்ததும் 'தாங்க்ஸ்' என்று அடித்து, பதில் வருவதற்கு முன் ஸ்விட்சை அணைத்தார்.

அதன் பிறகு ரிட்டையர் ஆகும்வரை என்னோடு எப்போதும்போல்தான் பேசினார். கதவைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. இந்தக் கதையை எங்கே சொன்னாலும், அங்கே என்னதான் இருந்தது என்று யாராவது கேட்கிறார்கள். இப்போது நீங்களும் கேட்பீர்கள். சாமிக்குச் சொல்லாததை வேறு யாருக்கும் சொல்ல எனக்கு இன்னும் மனசு வரவில்லை.