இறங்குதுறையில் என் காப்புறுதி

கோபம் வந்தால் எனக்கு ஆங்கிலம் போய்விடும். இதை இப்போது வெட்கமில்லாமல் ஒப்புக்கொள்கிறேன். அப்போது ஒப்புக்கொண்டிருக்க மாட்டேன். அப்போது நான் மெல்பேர்னில் முதுகலை படிக்கும், எல்லாம் தெரிந்த பெண்.

அங்கே வெளிநாட்டு மாணவர்களுக்கு மருத்துவக் காப்புறுதி இல்லாமல் விசாவே கிடையாது. எடுத்தேன். முதல் வருடம் பல்வலி வந்தது. பல்லுக்கு இல்லை என்றார்கள். அடுத்த வருடம் மூக்குக்கண்ணாடி மாற்றவேண்டி வந்தது. அதற்கும் இல்லை என்றார்கள். (பல்லும் கண்ணும் உடம்பில் சேர்த்தியில்லையாம். யாரோ இரவல் தந்தவை போலும்.) இவர்களிடம் ஒரு வைத்தியமாவது பிடுங்காமல் விடுவதில்லை என்று எனக்குள் ஒரு வெறி புகைந்துகொண்டிருந்தது.

விடுமுறைக்கு என் ஊரான கரம்பொன்னுக்கு வந்தபோது அதற்கு வாய்ப்புக் கிடைத்தது. அனலைதீவில் பெரியம்மாவின் புது வீட்டுக்குக் குடிபூரல். நான், அம்மா, அண்ணா மூவரும் காலை எட்டரைக்கு ஊர்காவற்றுறை இறங்குதுறையில் நின்றோம். ஒரு கால் படகில், ஒரு கால் கரையில் வைத்து, மெல்பேர்ன் தோழிகளுக்காக என்னை நானே வீடியோ எடுத்தேன். படகு விலகியது. நான் விலகவில்லை. சீமெந்துக் கட்டில் இடக்கை மணிக்கட்டு மடங்க விழுந்தேன். உள்ளே ஏதோ நொறுங்கியது எனக்கே கேட்டது.

“எழும்பு, ஆஸ்பத்திரிக்குப் போவம். இதில கிட்டத்தானே?” என்றார் அண்ணா.

“ஏலாது. எனக்குக் காப்புறுதி இருக்கு. உலகத்தில எங்க விழுந்தாலும் அவையள்தான் பாப்பினம். யாழ்ப்பாணத்தில நல்ல தனியார் ஆஸ்பத்திரி ஒண்டுக்கு அனுமதி எடுத்திட்டுப் போவம்.”

“உனக்குக் கைதான் முறிஞ்சதோ, தலையும் அடிபட்டதோ?”

என் போன் கடலுக்குள் போயிருந்ததால் அவருடைய போனைப் பிடுங்கி மெல்பேர்னுக்கு அழைத்தேன். பாட்டுப் போட்டார்கள். ‘உங்கள் நலமே எங்கள் அக்கறை’ என்றார்கள். மறுபடி பாட்டு. எங்கள் படகு எங்களை விட்டுவிட்டுப் போனது. கை வீங்க வீங்க, குடிபூரலுக்காக அம்மா தன் கையிலிருந்து கழற்றி எனக்குப் போட்டுவிட்ட கலியாணக் காப்பு சதைக்குள் புதைந்தது. கழற்றப் பார்த்தால் உயிர் போனது. என்றாலும் போனை வைக்க மனம் வரவில்லை. வைத்தால் அவர்கள் வென்றுவிடுவார்களே!

ஒரு மணித்தியாலம் கழித்து லைனில் ஒரு பெண் வந்தாள். தேன் போன்ற குரல். எங்கே விழுந்தீர்கள் என்றாள். ஊர்காவற்றுறையின் ஆங்கிலப் பெயரைச் சொன்னேன்: “கைட்ஸ்.”

“ஓ, பட்டம் விடும்போதா?”

அது பட்டமல்ல, ஊர் என்று விளக்கவே பத்து நிமிடம். அதன்பின் அவள் மிக இனிமையாகச் சொன்னாள்: இந்தக் காப்புறுதி அவுஸ்திரேலியாவுக்குள் மட்டும்தான் செல்லுபடியாகும், கடைசிப் பக்கத்தில் எழுதியிருக்கிறது.

எனக்கு ஆங்கிலம் போய்விட்டது. “யூ... யூ...” என்பதற்கு மேல் ஒரு சொல் வரவில்லை. அவள் பதறி, மொழிபெயர்ப்பாளர் வேண்டுமா, எந்த மொழி என்று கேட்டாள். “தமிழ்!” என்று கத்தினேன். வயதான ஒரு ஆண் குரல் இணைந்தது. நான் வாய் திறக்குமுன் அம்மா போனைப் பறித்துவிட்டார். அம்மா ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியை. ஆனால் திட்டுவதற்குத் தமிழ்தான் சரி என்பது அவரது கொள்கை.

“அவவின்ர பிள்ளை கை முறிஞ்சு கிடந்தாலும் இப்பிடித்தான் பாட்டுப் போட்டுக் காட்டுவாவோ எண்டு கேளுங்கோ! அந்தக் கொம்பனி நாசமாப் போக! அதின்ர தலையில இடி விழ!”

மொழிபெயர்ப்பாளர் ஆங்கிலத்தில் சொன்னார்: “தாயார் சேவையில் சற்று ஏமாற்றமடைந்துள்ளார்.”

“சற்று எண்டு நான் சொல்லேல்லையே!” என்று அம்மா துள்ளினார்.

அந்தப் பக்கம் ஒரு செருமல். பிறகு அவர் தணிந்த குரலில், “அம்மா, நான் சொந்தக் கதை கதைக்கக் கூடாது. ஆனா நான் வேலணை ஆள். சின்னனில எனக்குக் காலில தையல் போட்டது உந்த ஊர்காவற்றுறை ஆஸ்பத்திரியிலதான். போனை வச்சிட்டுப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு ஓடுங்கோ” என்றார்.

அவர் என்ன சொன்னார் என்று தேன்குரல் கேட்டது. “நன்றி சொல்லிக்கொண்டோம்” என்றார்.

ஆஸ்பத்திரியில் தாதி கேட்டார்: “எத்தினை மணிக்கு விழுந்தனீர்?”

“எட்டரைக்கு.”

“இப்ப பத்தரை. எங்கயிருந்து வாறியள்?”

“இறங்குதுறையிலயிருந்து.”

தாதி என்னைப் பார்த்தார். அண்ணாவைப் பார்த்தார். அண்ணா, “இவ லைனில நிண்டவ” என்றார்.

என் பெயரையும் வயதையும் தவிர ஒருவரும் எதுவும் கேட்கவில்லை. எக்ஸ்ரே எடுத்தார்கள், பிளாஸ்டர் போட்டார்கள். ஆனால் அதற்கு முன் காப்பை வெட்டவேண்டியிருந்தது. உடனே வந்திருந்தால் கழற்றியிருக்கலாம் என்றார் டொக்டர். கட்டர் ‘டிக்’ என்று கடித்தபோது அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவ்வளவு நேரமும் எனக்குக் கொம்பனிமீது இருந்த கோபம் முழுவதும் அந்தக் கணத்தில் என்மீது திரும்பியது. அது இன்னும் முழுதாகப் போகவில்லை.

வெளியே வந்ததும் அண்ணா சொன்னார்: “அது காப்புறுதி இல்லையடி. காப்பறுதி.”

அழுதுகொண்டிருந்த அம்மா சிரித்துவிட்டார். வீட்டில் அந்தச் சொல் நிலைத்தும்விட்டது. சொந்தத்தில் யார் வெளிநாடு போனாலும் அம்மா கேட்பது, “காப்பறுதி எடுத்தாச்சோ?”

போன மாதம் பெரியம்மாவின் மகன் மலேசியாவுக்குப் படிக்கப் புறப்பட்டான். முகவர் அலுவலகத்தில் பத்துப் பேர் முன்னால், “காப்பறுதிக்கு எங்க கையெழுத்து வைக்கிறது?” என்று கேட்டிருக்கிறான். சிரித்துவிட்டார்களாம். எனக்குப் போன் எடுத்துக் கத்தினான். “அக்கா, உங்களால எனக்கு மானம் போச்சு! நான் அதுதான் சரியான சொல் எண்டு நினைச்சிருந்தனான்!”

“கடைசிப் பக்கம் வாசிச்சனியோ?” என்று கேட்டேன்.

“இல்லை.”

“அப்ப சரியான சொல்தான்.”