மலர்கொடி பேரில் ஒரு நஷ்டம்

பெண்டாட்டியை ஊருக்கு வரவழைக்க வருமான வரித் துறையைப் பயன்படுத்துவது என்று அப்பாதுரை முடிவு செய்தது ஒரு செவ்வாய்க்கிழமை. அதுவரை அவர் அந்தத் துறையை எதற்குமே பயன்படுத்தியதில்லை. அந்தத் துறையும் அவரைச் சட்டை செய்ததில்லை.

அப்பாதுரை மரக்காணத்தில் ஆறு ஏக்கர் உப்பளத்தைக் குத்தகைக்கு எடுத்து நடத்துகிறவர். வயது ஐம்பத்தெட்டு. பொங்கல் முடிந்த கையோடு அவர் மனைவி மலர்கொடி, மகள் இலக்கியாவின் பிரசவத்துக்காகச் சோழிங்கநல்லூர் போனாள். "மூணே மாசம்" என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். இப்போது ஆடி மாசம். பேத்தி பிறந்து, குப்புற விழுந்து, தவழவும் ஆரம்பித்தாயிற்று. இலக்கியா வேலைக்குத் திரும்பிவிட்டாள். குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டும். ஆள் கிடைத்துவிட்டது. அப்பாதுரையைப் பார்த்துக்கொள்ளத்தான் ஆள் இல்லை.

அவருக்குச் சோறு வைக்கத் தெரியும். ஒருத்தருக்கு மட்டும் வைக்கத் தெரியாது. தினமும் ரெண்டு பேருக்கு வைத்து, மறுநாள் காலையில் இன்னொருத்தர் பங்கையும் தண்ணீர் ஊற்றி அவரே சாப்பிட்டார். மலர்கொடி கொடியில் போட்டுவிட்டுப் போன ஊதாச் சேலை காய்ந்து ஆறு மாசம் ஆகியும் அங்கேயே தொங்கியது. மடித்து வைத்துவிட்டால் வீட்டில் அவர் மட்டும்தான் இருக்கிறார் என்று ஆகிவிடும்.

அவள் பார்க்கும் ஏழரை மணி சீரியலை அவரும் பார்க்க ஆரம்பித்தார். போனில் பேச ஒரு விஷயம் வேண்டுமே. ஒருநாள் கதையை விலாவாரியாகச் சொல்லிக்கொண்டிருந்தபோது மலர்கொடி, "அதையெல்லாம் இன்னுமா பாக்குறீங்க? நான் விட்டு நாலு மாசம் ஆச்சு" என்றாள். அதற்குப் பிறகும் அவர் விடவில்லை. அந்த வீட்டிலாவது நாலு பேர் சத்தம் போட்டுப் பேசிக்கொள்கிறார்கள்.

மாசம் ஒரு முறை பஸ் கண்டக்டரிடம் மகள் வீட்டுக்கு உப்பும் கருவாடும் கொடுத்தனுப்புவார். ரெண்டு கிலோ கேட்டால் பத்து கிலோ போகும். அவரிடம் கொடுப்பதற்கு இருந்தது அதுதான்.

'வா' என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஆனால் கல்யாணமாகி முப்பத்தோரு வருஷத்தில் அந்த வார்த்தையை அவர் மலர்கொடியிடம் சொன்னதே கிடையாது. அவள் எங்கேயாவது போனால்தானே வா என்று கூப்பிட? இப்போது சொல்லலாம் என்று வாயைத் திறந்தால் "மழை பேஞ்சுதா?" என்றுதான் வந்தது.

இந்த நிலைமையில்தான் அவருக்கு அந்தப் பழைய நஷ்டம் கைகொடுக்க வந்தது.

போன வருஷம் அவர் ஒரு தொழில் தொடங்கியிருந்தார். பாண்டிக்குப் பக்கத்தில் குயிலாப்பாளையம் கெஸ்ட் ஹவுஸ்களில் வெள்ளைக்காரர்கள் உப்புத் தண்ணீரில் காலை ஊறவைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதையும், அதற்குக் காசு கொடுப்பதையும் கண்ணால் பார்த்துவிட்டு வந்தார். "நாப்பது வருஷமா நான் சும்மா ஊறிக்கிட்டிருக்கேன் மலரு. அவன் துட்டு குடுத்து ஊறுறான்!" என்று அன்றைக்கே குதித்தார். உப்பில் வாசனையும் சாயமும் கலந்து, டப்பாவில் அடைத்து, 'மலர் பாத் சால்ட்ஸ்' என்று பேர் வைத்தார். பெண்கள் பேரில் தொடங்கினால் பேங்க்கில் மானியம் உண்டு என்றார்கள். ஆகவே கடை, லோன், பான் கார்டு எல்லாம் மலர்கொடி பேர். அவள் ஓனர். இவர் ஓனரின் வீட்டுக்காரர்.

நாற்பது வருஷமாக உப்பைக் கீற்றுப் போட்டு மூடி மழையிடமிருந்து காப்பாற்றிய மனிதர், இந்த நாகரிகமான உப்புக்குக் கீற்று கேவலம் என்று குடோனுக்குத் தகர ஷீட் போட்டார். நவம்பரில் புயல் வந்தது. ஷீட் பக்கத்து ஊர் அனுமந்தையைப் பார்க்கப் போய்விட்டது. ரோஸ், நீலம், பச்சை என்று மூன்று நிறத்தில் தெருவில் தண்ணீர் ஓடியது. தெருநாய் ஒன்று பொங்கல் வரைக்கும் ரோஸாகவே திரிந்தது. நஷ்டம் எண்பத்து நாலாயிரம். மலர்கொடி அதைப்பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த நாய் வாசலைக் கடக்கும்போது மட்டும் திரும்பி இவரைப் பார்ப்பாள்.

பஸ் ஸ்டாண்ட் அருகே கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருக்கும் சங்கீதாதான் ஊரில் எல்லோருக்கும் வரிக் கணக்கு போட்டுத் தருகிறவள். அந்தச் செவ்வாய்க்கிழமை அவரை வழியில் பார்த்துக் கூப்பிட்டாள்.

"அண்ணா, போன வருஷ நஷ்டத்த சும்மா விட்டுடாதீங்க. கடைசி தேதிக்குள்ள ரிட்டர்ன் போட்டுட்டா எட்டு வருஷத்துக்குக் கொண்டு போலாம்."

"எங்கம்மா கொண்டு போறது?"

"எங்கயும் இல்லண்ணா, கணக்குலதான். அடுத்த எட்டு வருஷத்துல வர்ற லாபத்துல கழிச்சுக்கலாம். அந்த அளவுக்கு வரி மிச்சம்."

"தேதி தாண்டிட்டா?"

"கழிக்க முடியாது. நஷ்டம் நஷ்டமாவே போயிடும்."

அப்பாதுரை நிமிர்ந்தார். "அப்ப என் உப்பள லாபத்துல கழிச்சுடு."

"கடை யார் பேர்ல இருந்துச்சு?"

"மலரு பேர்ல."

"அப்ப நஷ்டமும் அக்காவோடதுதாண்ணா. அவங்க ஏதாவது பிசினஸ் பண்ணி லாபம் வந்தா அதுலதான் கழிக்க முடியும். நீங்க தொட முடியாது."

உழைத்தது இவர். நனைந்தது இவர். அந்த நாயிடம் கடி வாங்கியதும் இவர். நஷ்டம் மட்டும் அவளுடையதாம். அப்பாதுரைக்கு முகம் சுருங்கியது.

"அக்கா பேர்லதான் ரிட்டர்ன் போடணும். அவங்க போனுக்கு ஓடிபி வரும். கேட்டு சொன்னா போதும், அஞ்சு நிமிஷ வேலை."

"அவ நேர்ல வரவேணாமா?"

"வேணாண்ணா."

"வந்தா?"

"வந்தா டீ சொல்றேன்" என்று சிரித்தாள் சங்கீதா.

'நேர்ல வரவேணாம்' என்பதை அசைபோட்டபடியே அப்பாதுரை நடந்தார். வீடு வந்து சேர்வதற்குள் 'வேணாம்' வழியில் எங்கேயோ விழுந்துவிட்டது.

சாயங்காலம் வீடியோ கால். வழக்கம்போல முதலில் மின்விசிறி தெரிந்தது. பிறகு பேத்தியின் ஒரு காது. அப்புறம்தான் மலர்கொடியின் நெற்றி.

"மலரு, ஒரு முக்கியமான விஷயம். இன்கம்டாக்ஸ்."

"நமக்கு எதுக்குங்க இன்கம்டாக்ஸ்? இன்கமே இல்லையே."

"அதான் விஷயமே. உன் பேர்ல நஷ்டம் இருக்குது. கடைசி தேதிக்கு இன்னும் பன்னெண்டு நாளுதான். நீ நேர்ல வந்தாவணும்."

"எதுக்கு?"

"ஆபீசரு உன் மூஞ்சியப் பாக்கணுமாம்."

"என் மூஞ்சிய எதுக்குப் பாக்கணும்?"

"நஷ்டப்பட்ட மூஞ்சிதானான்னு."

"அப்ப உங்க மூஞ்சியக் காட்டுங்க. உடனே நம்பிடுவாரு."

ஆனாலும் அவள் மேற்கொண்டு கேட்டாள். அதுதான் ஆச்சரியம். அடுத்த நாளும் கேட்டாள். அதற்கடுத்த நாளும் கேட்டாள். முப்பத்தோரு வருஷத்தில் முதல்முறையாக மலர்கொடி கேள்வி கேட்க, அப்பாதுரை பதில் சொன்னார். சீரியலைக்கூட ரெண்டு நாள் மறந்துபோனார்.

"எட்டு வருஷம் முழுசா டைம் உண்டாங்க?"

"முழுசா எட்டு. பிசினஸ் லாபத்துல மட்டும்தான் கழிக்கணும். அதுக்குத்தான் நீ இங்க வந்து ஒரு கடையத் தொறக்கணும்ங்கறேன்."

"அதே கடைதான் தொறக்கணுமா? வேற வியாபாரம் பண்ணா கழிக்க முடியாதா?"

"எதுவா இருந்தாலும் கழிக்கலாம்!"

"எந்த ஊர்ல பண்ணாலும்?"

"ஊரு எதுவா இருந்தா என்ன மலரு? சட்டம் நாடு பூரா ஒண்ணுதான்" என்று அப்பாதுரை கையை விரித்து வள்ளலாகச் சொன்னார்.

"சரி, பழைய பில்லு எல்லாத்தையும் போட்டோ எடுத்து அனுப்புங்க."

அனுப்பினார். பஸ்ஸில் வரும்போது படித்துப் பார்ப்பாள் போலிருக்கிறது என்று நினைத்தார்.

சனிக்கிழமை அவளே கூப்பிட்டாள். "ஏங்க, நாளைக்குப் பதினோரு மணி பாண்டி பஸ்ஸுக்கு பஸ் ஸ்டாண்டுல வந்து நில்லுங்க."

அப்பாதுரை, "மழை பேஞ்சுதா?" என்று கேட்டுவிட்டுப் போனை வைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை விடியும்போதே வீட்டைக் கழுவினார். பியூஸ் போன அடுப்படி பல்பை மாற்றினார். பரோட்டாப் பொட்டலக் காகிதங்களை ஒன்றுவிடாமல் பொறுக்கிக் கொளுத்தினார். கடற்கரைக்குப் போய் கானாங்கெளுத்தி மீன் வாங்கி வந்து குழம்பு வைத்தார், ரெண்டு பேருக்கு. ஆறு மாசத்தில் அன்றைக்குத்தான் அளவு சரியாக இருந்தது. கடைசியாக அந்த ஊதாச் சேலையைக் கொடியிலிருந்து எடுத்து, மடித்து, பீரோவில் வைத்தார்.

பத்தேகாலுக்கே பஸ் ஸ்டாண்டில் நின்றார். பதினொன்று ஐந்துக்கு பஸ் வந்தது. முன் வாசலில் ஆறு பேர் இறங்கினார்கள். பின் வாசலில் கண்டக்டர் இறங்கினார்.

"இங்க அப்பாதுரை யாருப்பா?"

"நாந்தான்."

கண்டக்டர் ஒரு பெரிய பையை அவர் கையில் கொடுத்தார். அப்பாதுரை கண்டக்டரின் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்.

"ஆளு?"

"ஆளு இல்ல பெரியவரே. பை மட்டும்தான்."

கண்டக்டர் விசில் ஊதினார். பஸ் போய்விட்டது. அப்பாதுரை பையோடு கொஞ்ச நேரம் அங்கேயே நின்றார். அடுத்த பஸ்ஸுக்கு வருகிறாளோ என்று நினைத்து அதற்கும் நின்றார்.

வீட்டுக்கு வந்து பையைத் திறந்தார். உள்ளே ஐம்பது காலி டப்பா. ஒவ்வொன்றிலும் பளபளவென்று லேபிள்: 'மலர் மரக்காணம் ஸ்டோர். சுத்தமான கல்லுப்பு. உரிமையாளர்: மலர்கொடி.' அடியில் ஒரு பேப்பர். அவளுடைய வரிக் கணக்கு தாக்கல் செய்யப்பட்டு, சரிபார்க்கப்பட்டுவிட்டது என்ற ரசீது. போன் அடித்தது.

"பை வந்துச்சாங்க?"

"நீ வரல?"

"நான் வர்றேன்னு எப்பங்க சொன்னேன்? பஸ்ஸுக்கு வந்து நில்லுங்கன்னுதானே சொன்னேன்."

"ஆபீசரு…"

"எந்த ஆபீசரு? நீங்க சொன்ன மறுநாளே சங்கீதாகிட்ட பேசிட்டேன். வியாழக்கிழமை ரிட்டர்ன் போட்டாச்சு. ஓடிபி வந்துச்சு, சொன்னேன். டீ ஆறுறதுக்குள்ள முடிஞ்சுது."

அப்பாதுரை ரசீதைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் ஒன்றும் இல்லை.

"இந்த டப்பா?"

"நீங்க மாசா மாசம் பத்து கிலோ அனுப்புறீங்களே, அத என்ன பண்றது? இங்க பிளாட்டுல நூத்தி இருபது வீடு. அக்கம்பக்கம் குடுத்துப் பாத்தேன். நல்லாருக்குது, இன்னும் வேணும்னு வரிசையில நிக்குறாங்க. அதான் வியாபாரமா ஆரம்பிச்சுட்டேன். டப்பாவ நெரப்பி நாலு மணி பஸ்ஸுல ஏத்திடுங்க. கருவாடும் போடுங்க."

"அப்ப எப்பதான் வருவ?"

"நீங்கதானே எட்டு வருஷம் டைம் இருக்குன்னு பாடம் நடத்துனீங்க? அந்த நஷ்டம் கழியட்டும், வர்றேன்."

அந்தப் பக்கம் குக்கர் விசில் அடித்தது. மலர்கொடியின் குரல் கொஞ்சம் தணிந்தது.

"ஏங்க. வரணும்னா வான்னு சொல்ல வேண்டியதுதானே? அதுக்கு எதுக்கு கவர்மெண்ட்ட இழுக்குறீங்க?"

"சொன்னா வந்திருப்பியா?"

"சொல்லிப் பாத்திருக்கலாமில்ல?"

குழந்தை அழுதது. போன் நின்றுவிட்டது.

அப்பாதுரை உப்பளத்துக்குப் போனார். உப்பு அம்பாரத்தின் மேல் கீற்றை விலக்கி, நல்ல வெள்ளையாகப் பார்த்து அள்ளி, ஐம்பது டப்பாவையும் நிரப்பினார். ஒவ்வொன்றிலும் கொஞ்சம் கூடுதலாகவே போட்டார். நாலு மணி பஸ்ஸில் ஏற்றினார். திரும்பி வந்து மீன் குழம்பில் ஒருத்தர் பங்கைச் சாப்பிட்டார். பீரோவைத் திறந்து ஊதாச் சேலையை எடுத்து மறுபடி கொடியில் போட்டார்.

ஆறு மணிக்குப் போனை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். 'உப்பு ஏத்திட்டேன்' என்று எழுதினார். அழித்தார். 'மழை' என்று எழுதினார். அதையும் அழித்தார். அப்புறம் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி, 'மலரு, வீட்டுக்கு வா. தனியா இருக்க முடியல' என்று எழுதி, கண்ணை மூடிக்கொண்டு அனுப்பிவிட்டார். முப்பத்தோரு வருஷத்தில் அது முதல் 'வா'.

உடனே பதில் வந்தது. ஒரு நொடிகூட ஆகவில்லை. இதற்காகவே காத்துக்கொண்டிருந்திருக்கிறாள்! அப்பாதுரை கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டு படித்தார்.

'வணக்கம். மலர் மரக்காணம் ஸ்டோரைத் தொடர்புகொண்டதற்கு நன்றி. எங்கள் வேலை நேரம் காலை ஒன்பது முதல் மாலை ஐந்து வரை. உங்கள் ஆர்டர் வரிசைப்படி கவனிக்கப்படும்.'