ரோசலினுக்கு நான் செய்துவைத்த இரண்டு கலியாணங்கள்

தெரியாததைத் தெரியாது என்று சொல்லியிருந்தால் என் வாழ்க்கையின் அவமானங்களில் பாதி மிச்சப்பட்டிருக்கும். மற்றப் பாதி, தெரிந்ததைச் சொல்லப்போய் வந்தது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கத்தில் நான் கண்டியில் ஓர் அச்சகத்தில் வேலை பார்த்தேன். கட்டுகஸ்தோட்டையிலிருந்து பஸ்ஸில் வந்துபோவேன். ஏழாம் வகுப்புவரை ஆங்கிலம் படித்திருந்ததால் அங்கே நான்தான் பண்டிதன். (முதலாளி ஹாஜியாருக்கு ஆங்கிலத்தில் கையெழுத்துப் போட மட்டும் தெரியும்.)

ஹாஜியாரின் மச்சான் திருகோணமலையில் கடை வைத்திருந்தார். அவர் மூலமாக ஒரு கட்டுக் காகிதம் வந்தது. அந்த ஊர்ப் பாய்மரப் படகுச் சங்கத்தின் வரலாறு. அதன் செயலாளர் ஆங்கிலத்தில் எழுதியது. ஆண்டு விழாவுக்குத் தமிழில் புத்தகமாக வேண்டுமாம்.

“தமிழ்ல ஆக்க ஏலுமா மவன்?” என்றார் ஹாஜியார்.

“ஏலும் மொதலாளி!”

நான் கடலைப் பார்த்ததே இல்லை. மகாவலியில் ஆளேற்றும் ஓடம் ஒன்றைத்தான் தெரியும். அதற்குப் பெயரும் கிடையாது.

முதல் அத்தியாயம் கட்டடம், நன்கொடை என்று சுகமாகப் போனது. இரண்டாவதில் ரோசலின் வந்தாள். வந்த நாளில் அவளைப் பார்க்கத் துறைமுகமே திரண்டதாம். சங்கத் தலைவரான டாக்டர் அவளை ஐந்து வருடம் வைத்திருந்தாராம். வருடாவருடம் அவளுக்குப் புதிதாகப் பூசினார்களாம். (பவுடர் என்று நினைத்தேன்.) பிறகு டாக்டர் அவளை ஒரு வக்கீலுக்கும் அவர் தம்பிக்குமாகச் சேர்த்து விற்றுவிட்டார்!

காகிதக் கட்டோடு ஹாஜியாரிடம் ஓடினேன்.

“மொதலாளி, இதுல ஒரு பொம்பளய விக்கிறாங்க. அதுவும் ரெண்டு பேருக்கு!”

“அஸ்தஃபிருல்லாஹ்! நம்மட பிரஸ்ல அப்பிடி ஒண்டும் அடிக்கேலா. மானமா ஈக்கிற மாதிரி மாத்தி எழுது.”

மாற்றினேன். டாக்டர் ரோசலினை முறைப்படி மணந்தார். ஐந்தாம் வருடம் டாக்டரைச் சாகடித்தேன், வேறு வழியில்லை. விதவையான ரோசலினுக்கு வக்கீல் வாழ்வு கொடுத்தார். தம்பியை அடியோடு நீக்கினேன். கடைசியில் அவளை உடைத்துவிட்டார்கள் என்றிருந்தது. மனம் உடைந்து இறந்தாள் என்று முடித்தேன். அந்த வரியை எழுதியபோது என் கண்ணே கலங்கியது.

முதல் பிரதியைத் தலைவரான அந்த டாக்டருக்கே தபாலில் அனுப்பினோம். அடுத்த வாரம் செயலாளரே ரயிலேறி வந்துவிட்டார். கையில் ஒரு கடிதம்.

“உவரோ மொழிபெயர்த்தவர்?” என்று என்னைக் காட்டிக் கேட்டுவிட்டு, கடிதத்தை வாசித்தார். டாக்டரின் மனைவி எழுதியது. ‘என் கணவர் ரோசலின் என்பவளை மணந்ததையும், அதன்பின் காலமானதையும் உங்கள் நூலில் கண்டேன். இரண்டும் எப்போது நடந்தன என்று தெரிவிக்கவும். அவர் இப்போது என் எதிரில் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்.’

“ஐயா, டொக்டருக்கு வேற மனைவி இருக்கிறது எனக்குத் தெரியா,” என்றேன்.

“தம்பி, ரோசலின் படகு!”

“எந்தப் படகுல ஐயா?”

“அவளே படகு!”

நான் ஹாஜியாரைப் பார்த்தேன். ஹாஜியார் என்னைப் பார்த்தார். ஆங்கிலத்தில் படகைப் பெண்ணாகச் சொல்வார்கள் என்று செயலாளர் விளக்கினார். மூன்றுமுறை விளக்கினார்.

“அப்ப அந்த வக்கீல்ட தம்பி?”

“அவரும் சேர்ந்துதான் ஓட்டினவர்.”

“நல்ல வேளை, மவன் அவர வெட்டிப்போட்டான்,” என்றார் ஹாஜியார். அவருக்குக் கடைசிவரை விளங்கவேயில்லை.

அந்த அத்தியாயம் முழுவதையும் திரும்ப எழுதி, எழுத்தெழுத்தாக நானே அச்சுக் கோத்தேன். புத்தகம் விழாவுக்கு முதல்நாள்தான் போய்ச் சேர்ந்தது. டாக்டரின் மனைவி மட்டும் பழைய பிரதியைத் திருப்பித் தர மறுத்துவிட்டாராம்.

கலியாணமான புதிதில் இதை என் மனைவியிடம் சொல்லித் தொலைத்தேன். இன்றைக்கும் வீட்டில் யாராவது வாகனம் வாங்கி வந்தால், அவள் வாசலுக்கு வந்து அதை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்ப்பாள். பிறகு என் பக்கம் திரும்பிக் கேட்பாள்:

“இது புதுசா, இல்லாட்டி ரெண்டாங் கலியாணமா?”